டாக்டர் சத்தம் போடுகிறார், ரிப்போர்ட்டை எப்படித் தருவது?

கேள்வி: தென் மாவட்டம் ஒன்றில் 120 படுக்கை உள்ள தனியார் மருத்துவமனையில் லேப் டெக்னீஷியனாக இருக்கிறேன். டி.எம்.எல்.டி. (லேப் டெக்னாலஜி டிப்ளமோ) முடித்து ஆறு வருடம் ஆகிறது. இரவு ஷிப்டில் லேபில் நான் ஒருத்திதான். ஐசியுவைப் பார்த்துக்கொள்ளும் டாக்டர், சாம்பிள் வந்த பத்தாவது நிமிடம் போன் செய்து, "என்ன பண்ணிட்டு இருக்க? தூங்கிட்டியா?" என்பார். எப்போதும் ஒருமைதான். போன வாரம் ஒரு பொட்டாசியம் சாம்பிள் சிவந்து போய் வந்தது, புதிதாக எடுத்து அனுப்பச் சொல்லி ரிப்பீட் கேட்டேன். நேரே லேபுக்கு வந்து, "எனக்கு நம்பர் வேணும், உன் விளக்கம் வேண்டாம்" என்று நோயாளியின் வீட்டார் முன்னாலேயே கத்தினார். இன்சார்ஜிடம் சொன்னால், "பெரிய டாக்டர், கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா" என்கிறார். இப்போதெல்லாம் போன் மணி அடித்தாலே கை நடுங்குகிறது. என்ன செய்யட்டும்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அன்று நீங்கள் ரிப்பீட் கேட்டது சரி. இதில் உங்களுக்குத் துளி சந்தேகமும் வேண்டாம். சிவப்பணுவுக்கு உள்ளே இருக்கும் பொட்டாசியம், வெளியே பிளாஸ்மாவில் இருப்பதைப்போல 20 மடங்குக்கும் மேல். சாம்பிள் சிவந்திருந்தால் அணுக்கள் உடைந்திருக்கின்றன என்று பொருள், கொஞ்சம் உடைந்தாலே நம்பர் ஏறிவிடும். உண்மையில் நார்மலாக 4.8 இருப்பவருக்கு 6.9 என்று போனால், கால்சியம் குளுக்கோனேட், இன்சுலினோடு டெக்ஸ்ட்ரோஸ் எல்லாம் ஏறி, இருந்த பொட்டாசியமும் இறங்கும். அதைவிடப் பயப்பட வேண்டியது இன்னொன்று. உண்மையில் 3.0 இருக்கும் நோயாளிக்கு உடைந்த சாம்பிளில் 4.2 என்று வரும். பார்க்க நார்மல். குறைந்திருக்கிறது என்பதே யாருக்கும் தெரியாமல் போய்விடும். நீங்கள் கேட்ட அந்த ரிப்பீட் நோயாளிக்குக் காவல்.

அவருடைய போனில் இரண்டு சங்கதி சேர்ந்து வருகிறது. ஒன்று, அவருடைய தேவை. கட்டிலில் ஒருவர் கிடக்கிறார், ஈசிஜி சரியில்லை, மருந்தைத் தொடங்கலாமா என்று காத்திருக்கிறார். அந்த அவசரம் பொய் இல்லை. இன்னொன்று, அவர் பேசும் முறை. அது தவறு. இரண்டுக்கும் ஒரே போனில் பதில் சொல்லப் போனால் இரண்டும் கெடும். இரவு இரண்டு மணிக்குத் தேவைக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். பேசும் முறைக்கான பதிலைப் பகலில், தாளில், அதற்கு உரியவர் மூலமாகச் சொல்ல வேண்டும்.

முதலில் தேவையைப் பார்ப்போம்.

டியூபுக்குள் என்ன நடக்கிறது என்று பல டாக்டர்களுக்குத் தெரிவதில்லை. மஞ்சள் மூடி ஜெல் டியூபில் ரத்தம் முழுதாக உறைய அரை மணி நேரம். சென்ட்ரிபியூஜில் 10 நிமிடம், அனலைசரில் 10 நிமிடம், முந்தைய ரிசல்ட்டோடு ஒப்பிட்டுப் பார்த்து விடுவிக்க ஐந்து நிமிடம். கூட்டினால் 55 நிமிடம். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் மருந்து போகும் நோயாளி என்றால் உறைய இன்னும் நேரம் பிடிக்கும். அவர் கத்துகிறாரே என்று பத்தாவது நிமிடமே சுற்றிவிட்டால், சீரத்தில் (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீரில்) பைப்ரின் என்ற உறைவு இழை மிதக்கும். அனலைசரின் உறிஞ்சுகுழாயில் அது சிக்கினால் சாம்பிள் அளவு குறைந்து தப்பான ரிசல்ட் வரும், இல்லையென்றால் மெஷினே நின்றுபோகும். குழாயைக் கழுவி, கண்ட்ரோல் (மெஷினைச் சரிபார்க்க, அளவு முன்பே தெரிந்த சாம்பிள்) ஓட்டி, மறுபடி தொடங்குவதற்குள் மிச்சம் பிடிக்க நினைத்த 20 நிமிடத்தைப்போல மூன்று மடங்கு போய்விடும்.

இதற்கு நல்ல வழி ஒன்று இருக்கிறது. ஐசியு அவசர சாம்பிள்களை லித்தியம் ஹெப்பாரின் உள்ள பச்சை மூடி டியூபில் எடுக்கச் சொல்லுங்கள். உறையும்வரை காத்திருக்க வேண்டாம், வந்தவுடன் சுற்றலாம். யூரியா, கிரியாட்டினின், சோடியம், பொட்டாசியம் 25 முதல் 30 நிமிடத்தில் கைக்கு வந்துவிடும். தொடங்குவதற்கு முன் உங்கள் மெஷினும் ரீஏஜென்ட்டும் (சோதனை ரசாயனமும்) ஹெப்பாரின் பிளாஸ்மாவை ஏற்குமா என்று கிட்டோடு வரும் தாளைப் பாருங்கள். ரத்தம் உறையும்போது பிளேட்லெட்டிலிருந்து கொஞ்சம் பொட்டாசியம் வெளியேறுவதால், சீரத்தைவிடப் பிளாஸ்மாவில் நம்பர் சற்றே குறைவாக இருக்கும். அதனால் ஒரே நோயாளிக்குக் காலையில் மஞ்சள், இரவில் பச்சை என்று மாற்ற வேண்டாம். ரத்தத்தில் லித்தியம் அளவு பார்க்க இந்த டியூப் உதவாது, அதை மறக்கக் கூடாது. அவர் கேட்கும் வேகத்தில் பெரும்பகுதி இந்த ஒரு மாற்றத்திலேயே கிடைத்துவிடும். டியூப் வாங்க ஆகும் கூடுதல் செலவு, நடக்கும் தகராறுக்கு முன் ஒன்றுமே இல்லை.

ஐசியுவில் பிளட் கேஸ் மெஷின் இருந்தால் பொட்டாசியம் சில நிமிடத்தில் அங்கேயே தெரியும். ஆனால் அது முழு ரத்தத்தில் பார்ப்பது. அணு உடைந்திருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. எதிர்பாராமல் 6.5 என்று வந்தால், சிகிச்சை ஒரு பக்கம் நடக்கட்டும், லேபுக்கு ஒரு டியூப் கட்டாயம் அனுப்புங்கள் என்று ஐசியு சிஸ்டர்களிடம் சொல்லி வையுங்கள்.

இனி நேரக் கணக்கு. டாக்டரின் கடிகாரம் அவர் டெஸ்ட் எழுதிய நிமிடத்தில் ஓடத் தொடங்குகிறது. உங்களுடையது சாம்பிள் கவுன்டருக்கு வந்தபோதுதான் தொடங்குகிறது. நடுவில் சிஸ்டர் எடுக்க வேண்டும், வார்டு பாய் கொண்டுவர வேண்டும், பில் போட வேண்டும். "ஒரு மணி நேரமா காத்திருக்கேன்" என்று அவர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம், "சாம்பிள் வந்து 20 நிமிஷம்தான் ஆச்சு" என்று நீங்கள் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். ஒரு நோட்டு போடுங்கள். டெஸ்ட் எழுதிய நேரம், எடுத்த நேரம், லேபுக்கு வந்த நேரம், ரிப்போர்ட் போன நேரம் என்று நான்கு கட்டம். ஐசியு சாம்பிளுக்கு மட்டும் போதும், இரண்டு வாரம் எழுதுங்கள். தாமதம் எங்கே என்று அதுவே காட்டிவிடும். அது லேபுக்குள்தான் என்று தெரிந்தால் அதையும் மறைக்காதீர்கள். இரவில் ஓபி சாம்பிள், ரத்தம் எடுக்கும் வேலை, அனலைசர் எல்லாம் ஒரே ஆள் தலையில் என்றால் தாமதம் வரத்தான் செய்யும். இன்னோர் ஆள் கேட்க உங்களிடம் இருக்கும் சான்றும் அந்த நோட்டுதான்.

அடுத்து, போன்.

அவர் கூப்பிடுவதற்கு முன் நீங்கள் கூப்பிடுங்கள். சாம்பிள் வந்ததும் ஒரே வரி: "லேப்ல இருந்து பேசுறேன் சார். 4ஆம் பெட் சாம்பிள் 2:10க்கு வந்துச்சு. 2:40க்கு நானே கூப்பிட்டு ரிசல்ட் சொல்றேன்." சொன்ன 2:40க்குக் கட்டாயம் கூப்பிட வேண்டும், ரிசல்ட் தயாராகாவிட்டாலும். "இன்னும் பத்து நிமிஷம் ஆகும் சார், கண்ட்ரோல் சரியா வரல, மறுபடி ஓட்டுறேன்" என்று உள்ளதைச் சொல்லுங்கள். எப்போது கிடைக்கும் என்று தெரிந்துவிட்டால் பத்தாவது நிமிட போனுக்குத் தேவை குறையும்.

பலர் இடறுவது "இதோ வந்துடும் சார்", "அஞ்சே நிமிஷம் சார்" என்ற பதிலில். அந்த நேரத்துக்குத் தப்பிக்கச் சொல்வது. ஆறாவது நிமிடம் அந்த வார்த்தைக்கு மதிப்பு போய்விடும். அடுத்த முறை நீங்கள் 30 நிமிடம் என்று உண்மையைச் சொன்னாலும் அவர் நம்ப மாட்டார்.

சாம்பிளை மறுக்க வேண்டி வந்தால், அதாவது ஹீமோலைஸ் ஆகி (சிவப்பணு உடைந்து) வந்தால், மூன்றே வாக்கியம். "சார், இந்த சாம்பிள் ஹீமோலைஸ் ஆகியிருக்கு. இதுல வர்ற பொட்டாசியத்தை நம்பி ட்ரீட்மென்ட் பண்ண முடியாது. புது சாம்பிள் வந்த 30 நிமிஷத்துல தர்றேன், பச்சை டியூப்ல எடுக்கச் சொல்லுங்க." அவர் கோபத்தில் இருக்கும்போது சிவப்பணு பாடம் நடத்தாதீர்கள். "நம்பரைச் சொல்லு" என்று திரும்பக் கேட்டால் அதே மூன்று வாக்கியம், அதே குரலில். புதுக் காரணம் சேர்த்தால் அது விவாதமாகிவிடும். மூன்றாம் தடவையும் கேட்டால், "லேப் டாக்டர்கிட்ட சொல்றேன் சார், அவர் இப்பவே உங்களைக் கூப்பிடுவார்" என்று சொல்லிவிட்டு, உங்கள் பேத்தாலஜிஸ்ட்டையோ பயோகெமிஸ்ட்டையோ எழுப்புங்கள். டாக்டருக்கு டாக்டர் பேசட்டும். இரவில் எழுப்பினால் திட்டுவார்களோ என்று தயங்குவீர்கள். அதனால்தான் எந்த இரவு யாரைக் கூப்பிடலாம் என்பதை இன்சார்ஜிடமிருந்து எழுத்தில் வாங்கி வைக்கச் சொல்கிறேன்.

உடைந்த சாம்பிளின் நம்பரை வாய்மொழியாக மட்டும் சொல்லவே சொல்லாதீர்கள். நீங்கள் "7.1, ஆனா நம்ப முடியாது சார்" என்றால் கேஸ் ஷீட்டில் 7.1 மட்டும்தான் ஏறும். ஹீமோலைஸ் குறிப்போடு ரிசல்ட் கொடுக்கலாமா, கூடவே கூடாதா என்பது லேப் டாக்டர் முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டிய முடிவு. இரண்டு மணிக்கு உங்கள் தோளில் ஏற்றக் கூடாது.

இதே முறை மற்ற டெஸ்டுகளுக்கும் பொருந்தும். மழைக்காலத்தில் டெங்கு வார்டிலிருந்து பிளேட்லெட் கேட்டு ஓயாமல் போன் வரும். மெஷின் 38,000 என்று காட்டினால் உடனே சொல்லிவிடக் கை துடிக்கும். சிலருடைய ரத்தத்தில் ஈடிடிஏ (பர்ப்பிள் டியூபில் ரத்தம் உறையாமல் இருக்கச் சேர்ப்பது) பட்டதும் பிளேட்லெட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும், மெஷினுக்கு அது எண்ணிக்கையாகத் தெரியாது. டியூபில் ரத்தம் உறைந்திருக்கிறதா என்று குச்சி விட்டுப் பாருங்கள், ஒரு ஸ்மியர் (கண்ணாடித் தகட்டில் ரத்தத்தைத் தேய்த்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது) போட்டுப் பாருங்கள். 15 நிமிடம் ஆகும். கட்டி இருந்தால் நீல மூடி சிட்ரேட் டியூபில் புதிதாக எடுத்து ஓட்டி, வரும் எண்ணை 1.1ஆல் பெருக்குங்கள். போனில் சொல்ல வேண்டியது இவ்வளவே: "மெஷின்ல குறைவா வருது சார், ஸ்மியர்ல உறுதி பண்ணிட்டு 15 நிமிஷத்துல சொல்றேன்." உறையும் நேரம் பார்க்கும் பி.டி., ஐஎன்ஆர் டியூப் பாதி நிரம்பி வந்தால் நேராகத் திருப்பி அனுப்புங்கள். 0.3 மில்லி சிட்ரேட்டுக்கு 2.7 மில்லி ரத்தம் இருக்க வேண்டும். ரத்தம் குறைந்தால் சிட்ரேட் மிஞ்சி, உறையும் நேரம் நீண்டதுபோல் காட்டும்.

ரிப்பீட் குறைந்தால் சண்டையும் குறையும். சாம்பிள் சிவந்து போவதற்குக் காரணம் பெரும்பாலும் எடுக்கும் இடத்தில் இருக்கிறது. ஐவி கேனுலா வழியாக எடுப்பது, ஸ்பிரிட் காயும் முன் குத்துவது, டூர்னிகெட்டை ஒரு நிமிடத்துக்கு மேல் இறுக்கி வைப்பது, சிரிஞ்சில் எடுத்து ஊசியோடு டியூப் மூடியில் குத்தி அழுத்துவது, டியூபைக் குலுக்குவது. சிரிஞ்சில் எடுத்தால் ஊசியைக் கழற்றி, மூடியைத் திறந்து, டியூபின் சுவர் ஓரமாக மெல்ல விட வேண்டும். பிறகு குலுக்காமல் தலைகீழாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும், ஈடிடிஏ, ஹெப்பாரின் என்றால் எட்டுப் பத்து முறை, சிட்ரேட் என்றால் மூன்று நான்கு முறை. பர்ப்பிள் டியூபிலிருந்து ரத்தத்தை மஞ்சளுக்கு ஊற்றவே கூடாது. ஈடிடிஏவில் இருக்கும் பொட்டாசியம் சேர்ந்து ரிசல்ட் ஏறும், கால்சியம் விழும். இதையெல்லாம் இரவு வேளையில் சிஸ்டரிடம் குற்றமாகச் சொன்னால் இன்னொரு பகை வரும். எந்த வார்டிலிருந்து மாதம் எத்தனை ஹீமோலைஸ் என்று எண்ணி நர்சிங் சூப்பரின்டென்டென்ட்டிடம் கொடுங்கள், அரை மணி நேர வகுப்பு அவரே வைப்பார்.

அபாய அளவு ரிசல்ட்டுகளை அவர் கேட்கும் முன் நீங்கள் சொல்ல வேண்டும். பொட்டாசியம் 2.5க்குக் கீழ், 6க்கு மேல், சர்க்கரை 50க்குக் கீழ், பிளேட்லெட் 20,000க்குக் கீழ் என்பதுபோல ஒரு பட்டியல், உங்கள் மருத்துவமனை டாக்டர்கள் ஒப்புக்கொண்டது, லேப் சுவரில் இருக்கட்டும். போனில் சொன்னதும் கேட்டவரைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். நேரம், கேட்டவர் பெயர், எண் மூன்றையும் பதிவேட்டில் எழுதுங்கள். தானாகக் கூப்பிட்டு ஆபத்தைச் சொல்லும் லேபை எந்த டாக்டரும் மெல்ல மெல்ல நம்பத் தொடங்குவார்.

சரி, அவர் பேசும் முறைக்கு வருகிறேன். அவசரம் என்பது ஒருமைக்கு அனுமதிச் சீட்டு ஆகாது. "அனுசரிச்சுப் போ" என்ற இன்சார்ஜின் பேச்சை நான் ஏற்கவில்லை. அவருடைய பயம் மட்டும் புரிகிறது. அந்த டாக்டரால்தான் ஐசியு நிரம்புகிறது, அவரைக் கேட்க யாருக்கும் துணிவில்லை.

போனில் கத்தத் தொடங்கினால், "சார், ரிசல்ட் வந்ததும் நானே கூப்பிடுறேன், இப்ப போனை வைக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வைக்கலாம். சொல்லாமல் வைக்காதீர்கள். வைத்த கையோடு சாம்பிளைத் தொடவும் வேண்டாம். பதறிய கை டியூபை மாற்றி வைக்கும். ஒரு வாய் தண்ணீர் குடித்து, நோயாளியின் பெயரையும் ஐ.பி. எண்ணையும் டியூபிலும் தாளிலும் ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

பகலில் அவர் ரவுண்ட்ஸ் முடித்து அமைதியாக இருக்கும்போது, முடிந்தால் இன்சார்ஜையும் வைத்துக்கொண்டு, நேரில் சொல்லிப் பாருங்கள். "சார், ஐசியு அவசரம் எனக்கும் தெரியும். சாம்பிள் எந்த நிலையில இருக்குன்னு எப்ப கேட்டாலும் சொல்றேன். ஆனா பேஷன்ட் வீட்டாளுங்க முன்னாடி சத்தம் போட்டா எனக்குக் கை பதறுது, அதுல தப்பு வந்துடும். மரியாதையாப் பேசுங்க சார்." இதைச் சொல்ல எல்லாராலும் முடியாது. முடியாவிட்டால் அது உங்கள் குறை இல்லை, தாளுக்குப் போங்கள்.

தனி நோட்டு ஒன்றில் தேதி, நேரம், அவர் சொன்ன சொல் அப்படியே, சாம்பிள் எண், உடன் இருந்தவர், அதனால் வேலையில் என்ன ஆனது என்று எழுதுங்கள். "ஆணவமாகப் பேசினார்" என்று எழுதாதீர்கள். "'தூங்கிட்டியா' என்றார்" என்று எழுதுங்கள். நோயாளியின் பெயரை அதில் எழுத வேண்டாம், கேஸ் ஷீட்டைப் போட்டோ எடுக்க வேண்டாம், வாட்ஸ்அப் குழுவில் புலம்பவும் வேண்டாம். அது திரும்பி உங்கள் மேலேயே புகாராக வரும்.

மூன்று நான்கு பதிவு சேர்ந்ததும் இன்சார்ஜுக்குக் கடிதம் கொடுங்கள், மெடிக்கல் சூப்பரின்டென்டென்ட்டுக்கு நகல். அவர்மேல் நடவடிக்கை எடுங்கள் என்று தொடங்கினால் நிர்வாகம் அவர் பக்கம் சாயும். மூன்று கோரிக்கை வையுங்கள்: ஐசியு அவசர டெஸ்ட் எது, எத்தனை நிமிடம் என்ற பட்டியலில் ஐசியுவும் லேபும் கையெழுத்திட வேண்டும். இரவில் கூப்பிட வேண்டிய லேப் டாக்டரின் பெயர் வேண்டும். லேப் ஊழியரிடம் மரியாதையாகப் பேச எல்லாருக்கும் சுற்றறிக்கை வேண்டும். பொருள் என்ற இடத்தில் "நோயாளி பாதுகாப்பு" என்று போடுங்கள், இரண்டு நோட்டின் நகலையும் இணையுங்கள். கடிதம் பெற்றதற்கு உங்கள் பிரதியில் கையெழுத்து வாங்க மறக்காதீர்கள்.

உங்கள் லேப் என்ஏபிஎல் (லேப்களுக்கான தேசிய வாரியம்) அங்கீகாரம் பெற்றது என்றால் ஒரு வரி சேர்க்கலாம். மருத்துவ லேப்களுக்கான ஐஎஸ்ஓ 15189 தரவிதி, எந்த அழுத்தமும் லேபின் நடுநிலையைக் கெடுக்க விடக் கூடாது என்கிறது. மருத்துவமனைகளுக்கான என்ஏபிஎச் அங்கீகாரம் பெற்ற மருத்துவமனையில் ஊழியர் குறைதீர்க்கும் முறை இருந்தாக வேண்டும், எச்.ஆரிடம் அந்தப் படிவத்தைக் கேளுங்கள். அமெரிக்க மருத்துவமனைகளுக்கு அங்கீகாரம் தரும் ஜாயின்ட் கமிஷன் 2008 ஜூலையிலேயே, மிரட்டும் பேச்சு மருத்துவத் தவறுகளுக்கு வழி வகுக்கும் என்று எச்சரிக்கை வெளியிட்டது. நீங்கள் கேட்பது உங்கள் சொந்த மனத்தாங்கல் மட்டும் இல்லை என்று நிர்வாகத்துக்குக் காட்ட இது உதவும்.

அவருடைய பேச்சு பெண் என்ற வகையிலோ உடலைப் பற்றியோ போனால் வழி வேறு. பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகக் குழு இருக்க வேண்டும், மூன்று மாதத்துக்குள் அங்கே எழுத்தில் புகார் கொடுக்கலாம். வெறும் சத்தம் அதில் வராது. இரண்டையும் ஒரே கடிதத்தில் கலக்காதீர்கள்.

அவர் சாம்பிளை மட்டும் வேண்டுமென்றே கடைசியில் வைக்கத் தோன்றும் நாளும் வரும். அதைச் செய்யாதீர்கள். அந்த டியூபில் இருப்பது அவருடைய ரத்தம் இல்லை.

கடிதம் கொடுத்து ஒரு மாதம் ஆகியும் பட்டியலும் வரவில்லை, பேச்சும் மாறவில்லை என்றால், இன்சார்ஜைத் தாண்டி மெடிக்கல் சூப்பரின்டென்டென்ட்டை நேரில் பாருங்கள். இரவு ஷிப்ட் பார்க்கும் இன்னொரு டெக்னீஷியனையும் கூட்டிக்கொண்டு போங்கள். உங்களிடம் இப்படிப் பேசுபவர் அவரிடமும் பேசியிருப்பார். போன் மணிக்குக் கை நடுங்குவது வாரக்கணக்கில் நீடித்து, வீட்டுக்குப் போயும் தூக்கம் வரவில்லை என்றால், அதற்குத் தனியாக ஒரு டாக்டரைப் பாருங்கள். வேறு மருத்துவமனையில் இடம் பார்ப்பதும் தோல்வி ஆகாது. ஆறு வருட அனுபவம் கையில் இருக்கிறது.

நாளை இரவு ஷிப்டில் நேர நோட்டைத் தொடங்குங்கள், பச்சை டியூப் ஸ்டோரில் இருக்கிறதா என்று காலையிலேயே கேட்டுவிடுங்கள்.